பழைய கார்களும் மின்விசையும்: சப்பிரகமுவத் தோட்டப் பகுதியை முன்னிட்டு ஒரு நோக்கு

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, சப்பிரகமுவ மாகாணத்தில் வாழும் பழைய மாணவராகிய எமக்குப் பொருள் தேடும் வருத்தம் இருக்கவில்லை. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் தோட்டந் தோட்டமாகச் சிதறிக் கிடக்கும் யாம் ஓரிடத்திற் கூடும்போதெல்லாம், சில காலமாக ஒரே வழக்குத்தான் நடைபெற்று வருகின்றது. எம்முள் ஒருவரிடம் தந்தையார் காலத்து மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டரைப் பூட்டலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு. தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. ஆயினும், வாதிட்டு வாதிட்டு யாம் கற்றவை பல. அவற்றை இளைய மாணவர்க்கும் விளங்குமாறு ஈண்டு எடுத்துரைக்க முயல்வோம்.

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என ஏறிச் செல்லும் பெருந்தெருவிலும், எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துக் குறுக்குத் தெருக்களிலும் ஒரு காலத்தில் ஓடியவை பெரும்பாலும் ஆங்கில நாட்டுக் கார்களே. துரைமாருக்கு லாண்ட் றோவர். பெரிய கிளாக்கருக்கும் டீமேக்கருக்கும் தோட்டத்து வைத்தியருக்கும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஒஸ்ரின் ஏ40 அல்லது மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்த எம் முன்னோர் பலரும் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பியது இவற்றிலேதான். அத்தெருக்களை வெட்டியவரும், அவற்றில் இறப்பர்ப் பாலையும் கொழுந்தையும் சுமந்து நடந்தவரும் வேறு மக்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. அவர்களுக்குக் கார் என்பது புழுதி எழுப்பிக் கொண்டு கடந்து போகும் ஒரு பொருளாகவே நெடுங்காலம் இருந்தது.

இவ்வழக்கு எழுந்ததன் காரணம் 2022 ஆம் ஆண்டு. அவ்வாண்டின் நடுப்பகுதியில் நாட்டிற் பெற்றோல் அற்றுப் போனதையும், ஆடி மாதத்தில் குறியீட்டு அட்டை முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர் என அளந்து ஊற்றப்பட்டதையும் எவரும் மறந்திரார். நகரத்தவர் வரிசையில் நின்றனர். தோட்டத்தவர்க்கோ வரிசைக்குப் போய்ச் சேரவே எண்ணெய் இல்லை. எம் நண்பரின் தோட்டத்தில் ஒரு நள்ளிரவிற் பிரசவ வேதனை கண்ட பெண்ணொருத்தியை, கொழுந்து லொறியின் தாங்கியில் எஞ்சியிருந்த டீசலை நம்பி ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றனர். தாயும் சேயும் நலமே. அன்று தார்ப்பாய்க்குக் கீழே வெறுந் தாங்கியுடன் நின்ற மைனரைப் பார்த்தபோதுதான், “இதற்கு வேறு வழி இல்லையா?” என்ற கேள்வி அவருக்குப் பிறந்தது.

வேறு வழி தேடுவது எம்மவர்க்குப் புதிதன்று. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், அங்கே ஏ40களும் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபிறேற்றருக்குட் பீய்ச்சி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பின்னாற் சென்றவர் மூக்கைப் பொத்திக் கொண்டது வேறு கதை. பழைய எஞ்சின் மட்டும் இவ்வாறு ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. ஏ40 இன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேற்பட்டது. எனவே எளிதில் அடித்து வெடிக்கும் தாழ்ந்த எரிபொருளையும் அது பொறுத்துக் கொண்டது. அமுக்கம் பத்தைத் தொடும் பிற்கால எஞ்சின்கள் அதனைப் பொறா. அதே ஆண்டுகளிற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ! எண்ணெய்க் காரும் மின் டைனமோவும் அன்று ஒரே முற்றத்தில் நின்றன. அவை இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்க அன்று பற்றறி இல்லை, அவ்வளவே.

மின்சாரக் கார் இன்று நேற்றுத் தோன்றிய புதுமையுமன்று. 1899 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் கமீல் ஜெனற்சி என்ற பெல்ஜிய நாட்டார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முதற் கடந்தது மின்சார வண்டியிலேதான். பெற்றோல் எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருந்த காலத்தில், பெண்டிரும் வைத்தியரும் மின்வண்டியை விரும்பினர். 1912 இல் கடிலாக் கார்களிற் கெற்றறிங் என்பார் மின்னாற் கிளப்பும் கருவியைப் பொருத்தினார். மின்சாரமே பெற்றோலுக்குத் துணை போய்த் தன் இனத்தை வீழ்த்தியது என்று சொன்னால் மிகையாகாது. அன்றைய ஈயப் பற்றறியின் பெரும் பாரமும், மலிந்துவந்த எண்ணெயும் மிகுதியைச் செய்து முடித்தன.

நிற்க. மாற்றுவது என்றால் என்ன செய்வது? எஞ்சின், றேடியேற்றர், பெற்றோல் தாங்கி, புகைக் குழாய் ஆகியவை வெளியே எடுக்கப்படும். மைனரில் இவற்றின் நிறை ஏறக்குறைய 150 கிலோ. கியர்ப் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, அதன் முகத்திற்கும் மோட்டருக்கும் இடையே ஒரு தடித்த அலுமினியத் தட்டைக் கடைந்து பொருத்துவர். இத் தட்டும், மோட்டர்த் தண்டையும் கியர்த் தண்டையும் இணைக்கும் சிறு இணைப்பியுமே இவ்வேலை முழுவதிலும் மிகுந்த கைத்திறனை வேண்டுவன. மயிரிழை விலகினும் நடுக்கம் தோன்றும். நடுக்கம் தோன்றின் தாங்கி உருளைகள் தேயும். இரத்தினபுரியில் மாணிக்கம் பட்டை தீட்டும் கைகளுக்கு இது கடினமாகாது என்று எம் நண்பர் சொல்வார். எமக்கு அதில் ஐயமுண்டு. கடைசல் இயந்திரம் வேறு, பட்டைச் சக்கரம் வேறு.

மோட்டரைத் தேர்வதில் இளைஞர் பெரும்பாலும் தவறுவர். 2015 ஆம் ஆண்டளவில், வரி குறைந்திருந்த சமயத்தில், நிசான் லீவ் என்னும் பாவித்த மின்சாரக் கார்கள் இந்நாட்டிற்கு ஆயிரக்கணக்கில் வந்தன. அவற்றுள் மோதி நொறுங்கியவையும் பற்றறி தேய்ந்தவையும் இப்போது உதிரியாகக் கிடைக்கின்றன. ஆதலால், “அந்த மோட்டரையே தூக்கி மைனருக்குள் வைத்தால் என்ன?” என்பர். லீவ் மோட்டரின் முறுக்குவிசை 250 நியூற்றன்-மீற்றருக்கு மேல். மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் தந்ததோ 70 க்கும் குறைவு. அவ்வளவு விசை ஒருங்கே பாயுமாயின் மைனரின் மெல்லிய பின் அச்சுத்தண்டு, ஈர்க்குப் போல் முறிந்துவிடும். மின்மோட்டர் நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்கையும் காட்டவல்லது என்பதை மறத்தலாகாது. இக்குணமே மலையேற்றத்தில் அதன் பெருமை. இளைத்த அச்சுக்கு அதுவே ஆபத்து. எனவே சிறிய மோட்டர் ஒன்றைக் கொள்வதே தக்கது. முதற் கியரை மாற்றாமல், இரண்டாங் கியரிலேயே புறப்படலாம்.

இனிப் பற்றறி. லீவ் காரின் பழைய பெட்டகத்தில் 48 கூறுகள் உள. ஒவ்வொன்றின் நிறையும் ஏறக்குறைய 3.8 கிலோ, புதிதாயிருந்தபோது ஒவ்வொன்றும் அரை அலகு மின்னைக் கொண்டது. பாதியாகிய 24 கூறுகள் போதுமென்று முதலிற் கருதினோம். பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம். பட்டினத்திலிருந்து 20 கிலோமீற்றர் தூரத்தில், 600 மீற்றர் உயரத்தில் ஒரு தோட்டம் இருப்பதாகக் கொள்க. நால்வருடன் 1,100 கிலோ நிறையுள்ள காரை அவ்வுயரத்திற்குத் தூக்க வேண்டிய சக்தி, பெளதிக வகுப்பிற் கற்ற சூத்திரப்படி, ஏறக்குறைய 1.8 அலகே. கேட்போர் வியப்பர், யாமும் வியந்தோம். தெருவின் உராய்வுக்கும் காற்றுக்கும் கிலோமீற்றருக்கு 0.13 அலகு என வைத்தால் அது 2.6. மோட்டரிலும் கம்பியிலும் இழப்பதையும் சேர்க்க, ஏற்றத்திற்கு நாலரை முதல் ஐந்து அலகு வரை செல்லும். இறக்கத்திற்கு ஒன்று அல்லது ஒன்றரை. ஆகப் போய்வர ஆறு அலகு. இதே பயணத்துக்கு மைனர் குடிக்கும் நான்கு லீற்றர் பெற்றோலில் அடங்கிய சக்தி 36 அலகுவரை ஆகும். அதிற் பெரும்பகுதி றேடியேற்றர் வழியாகவும் புகை வழியாகவும் வெப்பமாய் வீணே கழிந்தது.

ஆறு அலகு போதுமென்றால் 12 அலகுப் பெட்டகம் தாராளமன்றோ? அன்று. தேய்ந்த கூறுகள் புதிதின் பத்தில் ஏழு பங்கையே ஏற்கும். ஆக எட்டு அலகே கையிலிருக்கும். மழை, சேறு, மண்சரிந்து சுற்றுத் தெருவாற் போகவேண்டிய நாள் எல்லாவற்றையும் எண்ணினால், மிஞ்சுவது இரண்டு அலகு மட்டுமே. தோட்டத்துக்கு அரை மைல் கீழே, இருளில், அட்டைக் கடியோடு நிற்க நேரும். ஆகவே 32 கூறுகள் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். பெட்டியும் கம்பியும் உட்பட அது 150 கிலோவாகும். மோட்டரையும் மற்றக் கருவிகளையுங் கூட்டினால் கார் முன்னையிலும் 70 கிலோவளவு பாரமாகும். அப்பாரத்தை முன்னும் பின்னும் பகிர்ந்து வைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் பின் பெட்டிக்குள் அடுக்கினால், வளைவிற் காரின் வால் வெளியே வீசும்.

இவ்விடத்தில் மலைநாட்டார்க்கே உரிய ஒரு நுட்பத்தைச் சொல்லுதல் எம் கடமை. இறக்கத்தில் மோட்டர் டைனமோவாக மாறி, சில்லின் ஓட்டத்தைத் தடுத்து, அச்சக்தியைப் பற்றறிக்குள் மீளச் செலுத்தும். மைனரின் நான்கு சில்லிலும் உள்ளவை பழைய மத்தளவடிவப் பிறேக்குகள். நெடிய இறக்கத்தில் அவை சூடேறிப் பிடிப்பு இழப்பதைச் சாரதிகள் அறிவர். முன்னர் எஞ்சினைத் தாழ்ந்த கியரில் இட்டு இறங்கினோம். எஞ்சின் போனபின் அத் தடுப்பைத் தருவது இம்மோட்டர் ஒன்றே. ஆனால் பற்றறி நிரம்பியிருந்தால் மின்னை எங்கே இடுவது? நிறைகுடத்தில் நீர் ஏற்காதவாறு அதுவும் ஏற்காது. கட்டுப்படுத்தும் கருவி அத் தடுப்பை நிறுத்திவிடும். சமவெளியில் வாழ்பவர் இரவிற் பற்றறியை முழுக்க நிரப்பிவிட்டுக் காலையிற் புறப்படலாம். மலை உச்சியில் வாழ்பவர் அவ்வாறு செய்தால், அதிகாலையில், ஈரத் தெருவில், முதல் வளைவிலேயே பிறேக்கை மட்டும் நம்பி இறங்க நேரும். ஆகையால் தோட்டத்தில் மின்னேற்றுபவர் பத்துக்கு எட்டுப் பங்கோடு நிறுத்திக் கொள்க. பிறேக்குகளையும் முன்னைக்கு இரு மடங்கு கவனத்தோடு பேணுக. இவ்வொரு செய்தி ஒருவர் உயிரைக் காக்குமாயின், இக்கட்டுரை எழுதிய உழைப்பு வீண்போகாது.

ஆபத்து வேறொன்றும் உண்டு. எங்கள் பட்டினத்துக் கராஜ்களில் உள்ளோர் 12 வோல்ற்றுக்குப் பழகியவர்கள். இரு முனைகளையும் விரலாற் தொட்டுப் பார்த்து “பற்றறி நல்லது” என்று சொல்லும் வழக்கமுடையோர். 32 கூறுகளைத் தொடராகக் கோத்தால் 240 வோல்ற்று நேரோட்ட மின் உண்டாகும். அது வீட்டு மின்னைப் போலக் கணத்துக்குக் கணம் திசை மாறி அணைவதன்று, பற்றிய தீப்பொறியை விடாது நீட்டிக்கும். ஆதலால் தக்க உருகியும், சாவியைத் திருப்பியதும் தொடர்பைத் துண்டிக்கும் காந்த ஆளியும், கையாற் பிடுங்கக்கூடிய துண்டிப்பானும் இன்றியமையாதன. உயர் மின்சுற்றின் எந்த முனையும் காரின் உடலோடு தொடுக்கப்படலாகாது. விளக்குக்கும் ஊதிக்கும் வேண்டிய 12 வோல்ற்றை ஒரு மாற்றி தரும். ஆனால் பழைய மைனரில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும் என்பதை அறியாது புதிய கருவியைப் பொருத்திப் புகைத்தவர்கள் உண்டு. இரத்தினபுரியின் மழையைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். களுகங்கை பெருகிப் பட்டினத்தை மூழ்கடித்த 2003, 2017 ஆம் ஆண்டுகளை நினைப்போர், பற்றறிப் பெட்டியைக் காரின் அடியில் தொங்கவிட ஒருப்படார்.

மின் எங்கிருந்து வரும் என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கின்றனர். பெற்றோல் வற்றிய அதே 2022 இல், பங்குனி மாத முடிவில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் வெட்டப்பட்டதும் நிகழ்ந்தது. எண்ணெய்க்கு அஞ்சி மின்னிடம் ஓடுபவர் இதனையும் நினைக்க வேண்டும். ஆனால் எம் மாகாணம் நீரின் மாகாணம். விமலசுரேந்திரா 1918 இல் நீர்மின் திட்டத்தை எடுத்துரைத்து, 1950 இல் இலக்சபானாவில் அது நனவானபோது, அதற்குப் பயன்பட்ட ஆற்று நீர் கீழிறங்கி வருவது எம் கித்துல்கலை வழியாகத்தான். பலாங்கொடைக்கு அருகே வளவை கங்கையிற் சமனலவெவ நிலையம் 1992 முதல் 120 மெகாவாற்று வலுவோடு நிற்கின்றது. அதற்கும் முன்னதாக, இங்கிலாந்தின் கெண்டல் நகரிலிருந்து கில்க்ஸ் நிறுவனத்தார் அனுப்பிய சுழலிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து அருவிகளிற் சுழன்றன. கேகாலை, இரத்தினபுரிக் கிராமங்களில் 1990களில் ஊரார் கூடி அமைத்த சிறு நீர்மின் நிலையங்களும் பல. அவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர் உறங்கினாலும் அருவி உறங்காது; மிஞ்சிய மின்னைச் சுமக்க ஆளின்றி, ஒரு தொட்டி நீரைச் சூடாக்கி வீணாக்குவார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிலோவாற்றை அதிலிருந்து திருப்பினால் எம் கணக்கின் ஆறு அலகு கிடைத்துவிடும். தைக்குப் பின் அருவி மெலியும் காலத்தில் இது கைகொடாது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

இனி, எதிர்வாதியின் கூற்றைக் கேட்போம். எம்முள் மூத்தவர் ஒருவர், “எஞ்சின் இல்லாத மைனர், நாதசுரம் இல்லாத திருவிழா” என்கிறார். உலகப் பழங்கார்க் கழகங்களின் கூட்டமைப்பாகிய ஃபீவாவும் அவர் பக்கமே. மின்விசைக்கு மாற்றிய வண்டியைப் பழம்பெரும் வண்டியென அது ஏற்பதில்லை. மாற்றுவோர் எதனையும் மீளப் பூட்டத்தக்கவாறு செய்து, கழற்றியவற்றைப் பேணி வைக்குமாறு அறிவுரை கூறுகின்றது. மறுபுறத்தில், ஜகுவார் நிறுவனத்தாரே 2017 இல் தங்கள் ஈ-ரைப் காரை மின்னாக்கினர். மறு ஆண்டு வைகாசியில் இளவரசர் ஹரி மணமகளோடு ஏறிச் சென்றது அத்தகைய ஒன்றிலேயே. மைனருக்கு உதிரி கிடையாது என்ற வாதமும் முழுதும் செல்லாது. 1948 இல் வெளிவந்து 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட இக்காருக்கு, இந்நாட்டிலேயே காலிப் பகுதியில் 1990களில் உதிரிப்பாகம் வார்த்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை இருந்தது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, திருமணத்துக்கும் தேருக்கும் மட்டும் கார் வெளியே வருமாயின், அதனை மாற்றுவது பணத்தையும் பற்றறியையும் பாழாக்குவதே. மிச்சமாகும் பெற்றோல் செலவை ஈடுசெய்ய ஒரு தலைமுறை செல்லும். நாள்தோறும் மலை ஏறி இறங்கும் காருக்கு மட்டுமே இம்மாற்றம் தகும் என்பது எம் துணிபு.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எழுதப்பட்டுள்ளன. அவற்றை முறைப்படி மாற்றாது ஓடினால், விபத்து நேர்ந்த நாளிற் காப்புறுதி கைவிடும். ஆதலால் முதற்றட்டைக் கடையுமுன் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுக.

ஒன்றைச் சொல்லி முடிப்போம். 2020 பங்குனி முதல் 2025 வரை தனியார் கார்கள் இறக்குமதியாகாதிருந்தபோது, பழைய கார்களின் விலை ஏறியது. அவை உடையவர் கையிற் செல்வமாயின. ஆனால் இன்று லயத்து வாசலில் நிற்பது மைனரன்று, முச்சக்கர வண்டி. அவசரத்துக்கு ஆசுபத்திரி செல்லவும், பிள்ளையைப் பரீட்சைக்கு ஏற்றிச் செல்லவும் தோட்டத் தொழிலாளி அதனையே அழைக்கிறார். 2022 க்குப் பின் முச்சக்கர வண்டிகளை மின்னுக்கு மாற்றும் முயற்சி, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு இந்நாட்டில் தொடங்கியது. அவ் வண்டியின் பாரம் சிறிது, பற்றறி சிறிது, செலவும் சிறிது. கல்லூரியின் பெளதிக ஆய்வுகூடத்தில் பயிலும் மாணவர் எவரேனும் ஒரு தட்டைக் கடைந்து பழக விரும்பின், மைனரைக் காட்டிலும் அதிலே தொடங்குவது நன்று என்று எண்ணுகின்றோம்.

எம் நண்பரோ பிடிவாதக்காரர். கடந்த தடவை சந்தித்தபோது, இறப்பர்க் களஞ்சியத்தில் ஒரு மூலையைத் துப்புரவாக்கி, பலகையால் ஒரு பெட்டி செய்வித்து வைத்திருந்தார். கழற்றும் எஞ்சினைக் கிறீஸ் பூசி அதற்குள் வைப்பாராம். பெட்டி ஆயத்தம், எஞ்சின் இன்னும் காருக்குள்ளேயே இருக்கின்றது.